காட்டுப் பேரியின் புகார்

கொடைக்கானலில் செபஸ்தியான் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் தானாக முளைத்த காட்டுப் பேரிக்காய் மரம் ஆறு வருடமாகக் காய்க்கவில்லை. அதனால் காய்க்காத மரத்தை மிரட்டிக் காய்க்க வைக்கும் ஊர் வழக்கப்படி அவர் அரிவாளை ஓங்கி, “காய்க்காத உன்னய வெட்டிப்புடுறேன் பாரு!” என்று கத்தினார். மனைவி ரெஜினா, தன் பங்குக்குக் குறுக்கே பாய்ந்து, “விட்ருங்க, அடுத்த வருசம் காய்ச்சிரும்” என்று கெஞ்சினாள். நடிப்பில் இருவருமே குறை வைக்கவில்லை.

ஆனால் அந்த வருடம்தான் எல்லா மரங்களுக்கும் பேசும் பெட்டி மாட்டியிருந்தார்கள். மரம் அன்றே கொலைமிரட்டல் என்று புகார் கொடுத்துவிட்டது. முப்பது அடிக்குள் செபஸ்தியான் வரக்கூடாதென்று உத்தரவு வந்தது. சமையலறை பன்னிரண்டு அடியில் இருந்தது. ஒரு வருடம் அவர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றே சாப்பிட்டார்.

அடுத்த ஆடியில் மரம் கிளை தாழக் காய்த்தது.

“அவருக்கு ஒண்ணு குடுக்கவா?” என்று ரெஜினா கேட்டாள்.

“அந்தாளுக்கா? கூடாது” என்றது பெட்டி.

உத்தரவை நீட்டிக்க வந்த மர உரிமை அதிகாரி பேச்சியம்மாள் ஒரு பழத்தைக் கடித்தபடி கேட்டுக்கு வந்து, செபஸ்தியானிடம் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு காய்க்காம நிக்குதுங்க. ஞாயித்துக்கிழமை அருவாளோட வந்துருங்க. பெட்டிய நான் கழட்டி வச்சிருறேன்.”