ஏழாம் நம்பர் மெஷின்

அதான் சொல்றேனே, அந்தத் துரோகி சோடாபுட்டிகூட நான் ஒரு மாசம் பேசவே இல்ல!

ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதுசு. ரெண்டு ரூம் மெஷினையும் ஒயர் போட்டு இணைச்சிருந்தாங்க. நம்பர் போட்டு டைப் பண்ணா அந்த மெஷின்ல எழுத்து வந்து நிக்கும். பக்கத்து ரூம்ல ஏழாம் நம்பர் என் ஃப்ரெண்டு சோடாபுட்டியோடது.

லேப்ல கேம் எழுதினா வருஷம் பூரா உள்ளயே வரக்கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு. நான் திருட்டுத்தனமா ஒண்ணு எழுதி முடிச்சுட்டேன். பெருமை தாங்கல, ஏழுக்கு அடிச்சேன்.

"டேய், கேம் ரெடி!"

"சூப்பர்டா! எந்தப் பேர்ல சேவ் பண்ணி வச்சிருக்க?"

"யார்கிட்டயும் உளறமாட்டியே?"

"நம்ம நட்பு மேல சத்தியம்டா."

சொன்னேன். மறுநாளே கேமும் போச்சு, லேபும் போச்சு.

ஒரு மாசம் கழிச்சு சோடாபுட்டியே மறிச்சான். "ஏன்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற?"

"சத்தியம் பண்ணிட்டு சார்கிட்ட போட்டுக்குடுத்தல்ல?"

"நானா? அன்னிக்கு நான் பல்லு வலின்னு லீவுடா! என் சீட்டுல சார்தான் உட்கார்ந்திருந்தாராம்."

கேம் எழுதினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஃப்ரெண்டு மாதிரி நடிச்சு சத்தியம் பண்ணலாமா ஒரு வாத்தியார்? நீங்க என்ன சொல்றீங்க?