இரண்டு டிகிரி வித்தியாசம்

"அந்தப் பலகையை இன்னிக்கே இறுக்கிடுங்கண்ணே. திரும்ப யாரும் கழட்ட முடியாத மாதிரி" என்றாள் மகள்.

சோலார் மெக்கானிக் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அவள் வெளியூரிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்த அன்று காலையிலேயே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். பக்கவாதம் வந்து பத்து மாதம் ஆன அப்பா, ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையால் சுவரைப் பிடித்தபடி, வலது காலை இழுத்து இழுத்து மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். மொத்தம் இருபத்திரண்டு படி.

அம்மா அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நேத்து எட்டரைக்கே லைட் அணைஞ்சுபோச்சு. உங்க கணக்கு அவ்வளவுதான் போல" என்று மட்டும் குரல் கொடுத்தாள்.

மின்கம்பி அந்த வீடு வரை வரவில்லை. கடைசிக் கம்பம் குவாரி ரோட்டோடு நின்றுவிட்டது. மாடியில் ஒரே தூணில் நிற்கும் நான்கு சோலார் பலகைகளும், கீழே இருக்கும் பேட்டரியும் கொடுப்பதுதான் வெளிச்சம்.

அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பது வருடம் ஊரார் நிலத்தை அளந்த கை இப்போது பலகையின் சாய்வை அளக்கிறது. கோணமானி, தூக்குக்குண்டு, இடுப்பில் ஒரு ஸ்பேனர். பின்பக்கத் திருகைத் திருகினால் பலகை மெல்ல நிமிரும். தூணின் கழுத்திலுள்ள நட்டைத் தளர்த்தினால் திசை திரும்பும். இன்றைக்கு இரண்டு டிகிரி ஏற்றம், நாளைக்கு ஒரு டிகிரி கிழக்கு. சாயங்காலம் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

மகள் அம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"விழுந்தா இடுப்பெலும்பு போயிடும்மா. கைகொடுத்துத் தூக்கி விடாட்டாலும் பரவாயில்ல, குத்திக்காட்டியா ஏத்தி விடுவே? உனக்கு அவரைவிட லைட்டு முக்கியமாப் போச்சா?"

"வெளிச்சம் வேணும்னா ஏறித்தான் ஆகணும்" என்றாள் அம்மா.

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மகள் அப்பாவை இரண்டு நாள் மாடிப்படிப் பக்கமே விடவில்லை. அவரும் கட்டிலில் உட்கார்ந்து, விட்டிருந்தால் இந்நேரம் சரிசெய்திருப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள் பேட்டரி எட்டு மணிக்கே தீர்ந்தது. மகள் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் வந்ததும் அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தன் கட்சிக்கு ஆள் கிடைத்த மாதிரி நோட்டை எடுத்து நீட்டினார்.

மெக்கானிக் பக்கங்களைப் புரட்டினான். பதினோரு டிகிரிக்கு ஒருநாள் இரண்டே கால் யூனிட். அதே பதினோரு டிகிரிக்கு நாலு நாள் கழித்து மூன்று யூனிட்.

"இது எப்படி சார்?"

"அன்னிக்குத் திசை ஒரு டிகிரி கிழக்கே இருந்தது. அதான் சூட்சுமம்."

எட்டு வருடமாகப் பலகை மாட்டுகிறவன் அவன். தெற்கே பார்த்து ஓரளவு சாய்ந்திருந்தால் போதும். ஒன்றிரண்டு டிகிரியால் ஒரு போனுக்குக்கூடக் கூடுதலாக சார்ஜ் ஏறாது என்று தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"தம்பி, மேல வந்து பாருங்க. நானும் துணி காயப்போடணும்" என்று வாளியோடு எழுந்தாள் அம்மா.

மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. மெக்கானிக் பலகைமேல் விரலை வைத்து இழுத்தான். கண்ணாடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. குவாரி லாரிகளின் உபயம்.

"கோணமெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. வெயிலைத் தூசிதான் குடிக்குது. தினமும் காலையில ஈரத்துணியால துடைச்சா போதும். சார் ஏறவே வேண்டியதில்ல."

அம்மா படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியும் தம்பி. அவர் திருகிட்டு இறங்கினதும் துணி காயப்போடற சாக்குல வந்து நான்தான் துடைக்கிறேன்."

"சார் கவனிக்கலையா?"

"அவர் எங்க கண்ணாடியைப் பார்க்கிறார்? கோணத்தைத்தான் பார்ப்பார்."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"சொன்னா கட்டில்ல சுவரைப் பார்த்துப் படுத்துக்குவார். நாலு மாசம் அப்படித்தான் கிடந்தார். காலுக்குப் பயிற்சி குடுக்க வந்த பிள்ளையை, எனக்கே ஒண்ணு ரெண்டு சொல்லித் தர்றியான்னு விரட்டிவிட்டார். டாக்டர் சொல்லி ஆகலை, நான் அழுது ஆகலை. முதல்தடவை இந்தப் பலகையைப் பார்க்கக் கிளம்பினப்போ ஆறாவது படியிலேயே உட்கார்ந்துட்டார்."

மெக்கானிக் ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.

"அந்தத் திருகுக்குக் கொஞ்சம் எண்ணெய் மட்டும் விட்டுட்டுப் போங்க. கை வலிக்குதுங்கறார். என் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் எண்ணெய் விட்டான். பழக்கதோஷத்தில் பலகையைத் துடைக்கவும் துணியை எடுத்தான்.

அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் தம்பி. இன்னிக்கு அவர் இன்னும் ஏறலை. ஏறாத நாள்ல நாங்க எட்டு மணிக்கே இருட்டுல உட்கார்ந்துக்குவோம்."