எமிலியானா (லண்டன்)

"எங்க, இன்னொருக்கா வாசி பிள்ளை."

துசியந்தி நினைவு மலரை மூன்றாம் முறையாக வாசித்தாள். "எமிலியானா (லண்டன்), அருளப்பு (கனடா) ஆகியோரின் பாசமிகு சகோதரனும்..."

கட்டிலில் சாய்ந்திருந்த எமிலியானா மாமி தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு பொக்கைவாயால் சிரித்தாள். தொண்ணூறு வயது. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற அந்த முதியோர் இல்லத்துக்குத் துசியந்தி வருவது இது ஐந்தாவது தடவை. மாமி சிரித்ததை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

துசியந்தியின் அப்பா சந்தியாப்பிள்ளை செத்து நாளையோடு முப்பத்தொரு நாள். ஹரோக் கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு, சாப்பாட்டோடு ஆளுக்கொரு நினைவு மலர்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. அதில் சொந்தக்காரர் பெயரெல்லாம் வரிசையாக வரும். இருக்கிறவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் நாடு. போனவர்களுக்குப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'.

அப்பாவின் அக்காவான இந்த மாமிக்கு அறுபத்துநான்கு வருடமாக முன்னால்தான்.

பெண்பிள்ளைகள் சந்தைக்குப் போவதற்கே துணை தேடிய காலத்தில், ஐம்பத்தாறாம் ஆண்டு, இருபது வயதில் தனியாகக் கப்பலேறி லண்டனுக்குத் தாதி வேலை படிக்க வந்தவள் எமிலியானா. குடும்பத்தில் கடல் கடந்த முதல் ஆள் அவள்தான். ஆறு வருடம் கழித்து, ஜமைக்காக்காரப் பஸ் கண்டக்டர் ஒருவனை, கோயில் வாசலை மிதிக்காமல், பதிவுத் திருமணம் செய்தாள்.

சேதி ஊருக்குப் போன கிழமையே, மகள் லண்டனில் காய்ச்சல் வந்து செத்துவிட்டாள் என்று தகப்பன் கோயிலில் துக்கமணி அடிப்பித்துவிட்டார். பெட்டி இல்லாத செத்தவீடு. அன்று தொடங்கி, ஒவ்வொரு நவம்பரும் அவளுடைய ஆத்துமாவுக்குப் பூசை.

துசியந்தியும் சின்ன வயதிலிருந்து அந்த ஆத்துமாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியவள்தான். செத்துப்போன மாமியின் கதையை எழுதவேண்டும் என்று இரண்டு வருடம் அலைந்தாள். கப்பல் பட்டியலில் பெயர் கிடைத்தது. தாதிமார் பதிவேட்டில் கிடைத்தது. வெள்ளைத் தொப்பி போட்ட படம்கூடக் கிடைத்தது. கல்லறை மட்டும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? ஓய்வுபெற்ற தாதிமாரின் சங்கம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். அப்பாவைப் புதைத்த மறு கிழமை பதில் வந்தது. கல்லறையைக் கேட்டவளுக்கு இந்த இல்லத்தின் முகவரியை அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் வந்தபோது அப்பாவின் மரண அறிவித்தலைக் கொண்டுவந்து காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'காலஞ்சென்ற எமிலியானா' உட்பட முழுவதையும் வாசித்தாள்.

"நான் இப்ப தம்பி செத்ததுக்கு அழுறதோ, நான் செத்ததுக்கு அழுறதோ?"

எழுபத்திரண்டில் லண்டனில் வந்து இறங்கிய அப்பா, முதல் ஆறு மாதம் உண்டதும் உறங்கியதும் இந்த மாமியின் வீட்டில் என்பது அன்றைக்குத்தான் துசியந்திக்குத் தெரிய வந்தது. பாவி மனுசன்! அவள் போட்ட சோற்றைத் தின்ற கையாலேயே, நவம்பர் வந்தால் அவளுக்கு மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறார்.

மாமிக்குக் கணவனும் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை. தான் கண்ணை மூடுவதற்குள் அந்த ஒரு சொல்லைத் தன் பெயருக்கு முன்னாலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். மாதா மேல் ஆணையாக எடுத்துவிடுகிறேன் என்று துசியந்தி சொன்னாள்.

இப்போது நினைவு மலர்ப் புத்தகம் மாமியின் மடியில் இருக்கிறது. நடுவில் ஒரு முழுப் பக்கம், வெள்ளைத் தொப்பிப் படத்தோடு, 'எங்கள் குடும்பத்தின் முதற் பெண்' என்ற தலைப்போடு, அவளுக்கே.

"எல்லாருக்கும் இதைத்தானே குடுப்பியள்?"

"ஓம் மாமி. முந்நூறு."

மாமி கட்டிலோரத்து மணியை அழுத்தினாள். இங்கே வேலை செய்கிற மன்னார்ப் பிள்ளை ஜதுர்ஷிகாவைக் கூப்பிடுகிறாளாம். அவளின் தாய் ஹரோக் கோயிலுக்குத்தான் போகிறவளாம்.

"நான் வாசிச்சிட்டன், எனக்குக் காணும். அவள் இதைக் கொண்டுபோய்க் கோயிலில காட்டட்டும், எமிலியானா இருக்கிறாள் எண்டு."

துசியந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அண்ணன் றெஜினோல்ட், ஹரோக் கோயில் பங்கின் தமிழ்ச் சபைத் தலைவர். உயிரோடு இருக்கிறவளுக்கு அறுபத்துநான்கு வருடம் ஆத்துமாப் பூசை வைத்த குடும்பம் என்று ஊர் சிரிக்கும், செத்தவள் செத்தவளாகவே இருக்கட்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? துசியந்தி இரண்டு நாள் அவரோடு சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் ஓம் என்றாள்.

வெளியே நிற்கிற காரில் முந்நூறு புத்தகமும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. முந்நூறிலும் எமிலியானா காலஞ்சென்றவள்தான்.

அப்டன் பார்க்கில் அச்சடிப்பவரைக் கெஞ்சி, மாமியின் கண்ணுக்கென்று தனியாக அடிப்பித்தது இந்த ஒன்று மட்டுமே.

நடைபாதையில் ஜதுர்ஷிகாவின் காலடிச் சத்தம் கேட்டது.

துசியந்தி எழுந்தாள். பெயரின் மேல் இருந்த விரலை மெதுவாக விலக்கி, புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்து, பையைப் பூட்டினாள்.

"இதில ஒரு பிழை இருக்கு மாமி. திருத்திக்கொண்டு வாறன்."