சேர்த்து எழுதிய தாள்

குற்றப் பதிவு அழியப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தால் ஐந்தாகக் குறையும். கிழவர் காஸிமிருக்காக அவருடைய தம்பி மகன் விண்ணப்பித்திருந்தான். நீதிமன்றத்தின் பதில் கடிதம் வந்த மறுநாளே, போலந்தின் ஒரு மலையடிவார ஊர் நீதிமன்றத்தில், மாதா கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார் கிழவர்.

“எழுபத்தொன்பது வயசுல என்ன அவசரம் ஐயா?” குமாஸ்தா பொஜெனா சிரித்தாள். “பிளம் சாராயம் காய்ச்சின கேஸ்தானே? இந்த ஊர்ல யார்தான் காய்ச்சல?”

“என் லுத்விகா கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. பாடிக்கிட்டேதான் காய்ச்சுவா. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் போலீஸே வந்துது.”

“சரி, இங்க கையெழுத்துப் போடுங்க. கேஸ் ஃபைலையே அழிச்சிடுவாங்க.”

“வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். பத்து வருஷமும் இருக்கட்டும்.”

நீட்டிய பேனா அப்படியே நின்றது.

“லுத்விகா போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. அவளோட முதல் புருஷன் உயிரோட இருந்ததால பாதிரியார் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கல. கோயில்ல நடக்காத கல்யாணம் எனக்கு வேணாம்னுட்டா அவ. முப்பது வருஷம் அப்படியே குடும்பம் நடத்தினோம். எங்க ரெண்டு பேர் பேரையும் சேத்து எழுதின ஒரே ஆளு உங்க ஜட்ஜுதான்.”

பொஜெனா கோப்பைப் பிரித்துத் தீர்ப்பைப் படித்தாள்.

“காஸிமிரும் லுத்விகாவும், ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து...”

காஸிமிர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“மெதுவாப் படிம்மா,” என்றார். “பாதிரியார் படிக்கிற மாதிரி.”