ஒட்டடைக்காக ஓடி வந்தவர்கள்

கல்லூரி வராந்தா மூலையில் வலை பின்னியிருந்த சிலந்தியிடம் பல்லி சொன்னது: "ஒட்டடைக் கம்போட வர்றாங்க. உன் வீட்டுக்கு இன்னையோட சரி. ஓடிடு அக்கா."

கம்பு வலையைத் தொடப்போன நேரம் மூன்று கதவுகள் படாரென்று திறந்தன.

"ஐயையோ, அந்த நூல் எவ்வளவு பாரம் தாங்கும்னு இன்னும் பார்த்து முடிக்கல!" என்று அலறினார் அறிவியல் பேராசிரியர்.

"நான் கோணத்தை அளந்துக்கிட்டிருக்கேன்!" என்றார் கணிதக்காரர்.

வடிவமைப்புத் துறைப் பெண்ணுக்கு மூச்சிரைத்தது. "அதைப் பார்த்துத்தான் ஒரு தொட்டில் வரையறேன்."

கம்பு திரும்பிப் போனது.

"நான் கொசு பிடிக்கத்தானே பின்னினேன்! இதுல இத்தனையா இருக்கு?" என்று திகைத்தது சிலந்தி.

பல்லியோ, போன மாதம் அறுந்து, இப்போது பாதி முளைத்திருந்த தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, நான் எந்தக் கதவைத் தட்டட்டும்?"