விறகுக்கும் ஆகாது

பல வருஷம் கழித்துக் கண்மாய் பெருகியிருந்தது. மீன் குத்தகை எடுத்த ஜெயபாண்டி, கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய படகைத் தட்டிப் பார்த்தான்.

“பெருசு, இதுல வலை வீசுனவுக நீங்க. சரிபண்ணுனா தாங்குமா?”

“பூராம் உளுத்துப்போச்சுலே,” என்றார் உக்கிரபாண்டி. “நடுக் கண்மாயில உன்னையக் கவுத்துரும்.”

“அப்ப விறகுக்காச்சும் உடைச்சுக்கிறேன்.”

“தாரு பூசுன மரம்டா. சோறெல்லாம் தாரா நாறும். உம் பொண்டாட்டி உன்னையத் தூக்கி அடுப்புல வச்சிருவா.”

ஜெயபாண்டி சிரித்தான். “அப்பக் கிடந்து மக்கட்டும்.” பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

உக்கிரபாண்டி அக்கம்பக்கம் பார்த்தார். மறைப்புக்குச் சாத்தியிருந்த வேலிமுள்ளை விலக்கி, படகுக்கு அடியில் நுழைந்தார். மகனுடைய வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவர் படுக்கும் பாய் அங்கே விரித்துக் கிடந்தது. அத்தனை மழைக்கும் அதில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கவில்லை.