சம்பந்திகள் கடந்த கடல்

பைபிளில் வரும் மோசே தம் மக்களோடு கடந்தது செங்கடலை அல்ல, நாணல் மண்டிய ஓர் ஏரியை என்று புத்தகம் எழுதியவர் பெண்ணின் அப்பா. செங்கடலேதான் என்று மறுப்புப் புத்தகம் எழுதியவர் பையனின் அப்பா. நேரில் பார்த்துக்கொண்டதில்லை, எழுத்திலேயே ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள்.

“அப்பா, இன்னிக்கு அவங்க வர்றாங்க. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க,” என்றாள் பெண்.

“உனக்காக எதையும் விட்டுக்கொடுப்பேன்மா.”

பையனும் தன் அப்பாவிடம் அதே வாக்கை வாங்கிக்கொண்டுதான் கூட்டி வந்தான்.

அப்பாக்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு இருவரும் காபி போடப் போனார்கள். பால் பொங்குவதற்குள் ஹாலில் குரல் பொங்கிவிட்டது. சமையலறை விசிறியின் இரைச்சலில் எது யார் குரல் என்று தெரியவில்லை.

“செங்கடல்தாங்க. அதுல சந்தேகமே வேண்டாம்.”

“ஏரிங்க. சும்மா பிடிவாதம் பிடிக்காதீங்க.”

மேஜையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்கப்பா இன்னிக்கு ஒரு நாளாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா?”

பையன் கதவருகே போய்க் காது கொடுத்துக் கேட்டான். பேயறைந்தவன் போலத் திரும்பி வந்தான்.

“விட்டுக்கொடுத்துட்டாரே. உங்கப்பாவும் விட்டுக்கொடுத்துட்டார். இப்போ ஏரின்னு கத்துறது எங்கப்பா, செங்கடல்னு மேஜையைத் தட்டுறது உங்கப்பா.”